எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடிதம்: இந்திய–பாகிஸ்தான் மக்கள் நட்புக்காகச் சிறு அமைப்பு தொடங்குவது எப்படி?

1999 ஜனவரி 31. சேப்பாக்கம் டெஸ்டில் சச்சின் 136 ரன் அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானம் அப்படியே உறைந்துபோனது. அப்புறம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அடுத்த மாதமே வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதம் கார்கிலில் சண்டை தொடங்கிவிட்டது.

ஆறே மாதத்துக்குள் இவ்வளவும் நடந்தன. இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே மக்கள் நட்புக்காக வேலை செய்ய நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டிய கணக்கு இதுதான். வாசல் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அது மூடப்போகிற நாளை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் திட்டமிட வேண்டும். நான் வேலை நிமித்தம் டெல்லியில் இருக்கிறேன். இங்கே ஒன்பது பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் சில வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நீங்கள் நிற்கும் இடம் எது?

அரசும் அரசும் பேசுவது ஒரு தடம். ஓய்வுபெற்ற தூதர்கள், ராணுவ அதிகாரிகள், பேராசிரியர்கள் அதிகாரமில்லாமல் உட்கார்ந்து பேசுவது இன்னொரு தடம். அதற்கு 'டிராக் டூ' என்று பெயர். 1981-ல் ஜோசப் மான்ட்வில் என்ற அமெரிக்க வெளியுறவு அதிகாரி புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. நம் பக்கத்தில் ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையில் 1991-ல் தொடங்கிய சந்திப்புகள் அந்த வகை. இவை இரண்டும் நம் வேலை அல்ல. ஆசிரியர், மாணவர், மீனவர், டாக்டர், பாட்டி தாத்தா என்று சாதாரண ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வழி செய்வதுதான் நம் வேலை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது முதல் கூட்டத்திலேயே காஷ்மீருக்குத் தீர்வு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சிறு குழுவால் அதைத் தீர்க்க முடியாது. அதைப் பேசித் தீர்த்த பிறகுதான் பழகுவது என்று வைத்துக்கொண்டால் கடைசிவரை பழகவே மாட்டோம். முதலில் பழக வேண்டும். கடினமான பேச்சுகளை அந்தப் பழக்கம் தாங்குமா என்பது பிறகு தானாகத் தெரியும்.

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளிக் கடிதம், ஓவியக் கண்காட்சி, மீனவர் விடுதலை, பிரிவினைக் கால நினைவுகளைப் பதிவு செய்வது, மருத்துவ உதவி என்று எல்லாவற்றையும் முதல் வருடமே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று போதும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஆட்களும் பொறுமையும் வேறு வேறு.

எங்களுடையது பள்ளிக் கடிதம். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுதான். செலவு குறைவு, ஆபத்து குறைவு, பலன் கண்ணுக்குத் தெரியும். 2012-ல் தொடங்கிய 'ஆகாஸ்-ஏ-தோஸ்தி' என்ற தன்னார்வக் குழு, இரு நாட்டுக் குழந்தைகளின் ஓவியங்களை வைத்து வருடாவருடம் அமைதி நாட்காட்டி கொண்டுவந்தது. பெரிய நிதியோ பெரிய அலுவலகமோ இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

கடித வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே ஆறாம் வகுப்பு ஒன்று, அங்கே ஆறாம் வகுப்பு ஒன்று. குழந்தைகள் கையால் எழுதுகிறார்கள். இங்கிருந்து போவது இந்தியில், அங்கிருந்து வருவது உருதுவில். வாசித்துக் காட்டினால் முக்கால்வாசி இரு பக்கமும் புரியும். எழுத்தைத்தான் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கடிதத்தோடும், எழுதிய குழந்தையே அதை வாசிக்கும் ஒலிப்பதிவு ஒன்றை இணைக்கிறோம். இது தற்செயலாகத் தொடங்கிய ஏற்பாடு. இப்போது கடிதத்தைவிட ஒலிப்பதிவுக்குத்தான் வகுப்பு முழுக்கக் காத்திருக்கிறது. 'நம்மளை மாதிரியே பேசறாங்க' என்று முதல் தடவை கேட்கும் எல்லாக் குழந்தையும் சொல்கிறது.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பெரியவர்கள் படிக்கிறார்கள். வீட்டு முகவரி, போன் நம்பர், பெற்றோர் வேலை பார்க்கும் இடம் இவற்றை எடுத்துவிடுகிறோம். 'என் மாமா ராணுவத்தில் இருக்கிறார், இப்போது இந்த ஊரில் இருக்கிறார்' என்று ஒரு குழந்தை பெருமையாக எழுதும். அந்த வரி போகக் கூடாது. குழந்தையைத் திட்டாமல், ஏன் வேண்டாம் என்று சொல்லி, அதையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். நாமே அடித்து அனுப்பினால், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

என்ன எழுதுவது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். 'சமாதானம்', 'நட்பு' என்று தலைப்புக் கொடுத்தால் மேடைப் பேச்சு மாதிரி எழுதித் தருவார்கள். 'உன் வீட்டு ஜன்னலில் என்ன தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். டெல்லிப் பையன் ஒருவன் கராச்சிக்கு எழுதினான்: 'உங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியுமா? நான் இதுவரை கடல் பார்த்ததில்லை.' ஐந்து வாரம் கழித்து ஒரு மாணவியின் பதில் வந்தது. கடல் தெரியாதாம். ஆனால் உப்புக் காற்று வீடு வரைக்கும் வருமாம். ஜன்னல் கம்பி எல்லாம் துருப்பிடிக்கிறது என்று அவள் அம்மா தினமும் புலம்புவாராம். அந்தப் பையன் அன்று வீட்டுக்குப் போய்த் தன் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், 'எங்க வீட்லயும் துரு இருக்கு சார், ஆனா கடல் இல்ல.'

மீனவர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு

இது கனமான வேலை. சட்டம் தெரிந்த ஒருவராவது குழுவில் இல்லாமல் இறங்காதீர்கள். ஆனால் இதைவிட அவசியமான வேலையும் இல்லை என்பது என் எண்ணம். குஜராத், டையூ கரையிலிருந்து போகிற படகுகள் அந்தப் பக்கக் கடலில் பிடிபடுகின்றன. சிந்துக் கரையிலிருந்து வருகிறவை இந்தப் பக்கம் பிடிபடுகின்றன. குஜராத்துக்கும் சிந்துக்கும் நடுவே இருக்கும் சர் க்ரீக் கழிமுகப் பகுதியில் எல்லை எது என்பதே இன்னும் தீராத வழக்கு. தண்ணீரில் கோடு கிடையாது. ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

2008 மே 21-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் இரு நாடுகளும் தங்கள் சிறையில் இருக்கும் அடுத்த நாட்டவரின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 2025 மே மாதச் சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையிலும் ஜூலை 1 பட்டியல் தவறாமல் வந்தது. இந்தியச் சிறைகளில் 382 பேர், அவர்கள் தவிர 81 மீனவர்கள். பாகிஸ்தான் சிறைகளில் 53 பேர், அவர்கள் தவிர 193 மீனவர்கள். அந்த அறிவிப்பில் 'இந்தியர் அல்லது இந்தியர் என்று நம்பப்படுபவர்' என்ற தொடரைக் கவனியுங்கள். விடுதலை தாமதமாவதற்கு ஒரு பெரிய காரணம் அதற்குள்தான் இருக்கிறது. தண்டனை முடிந்தாலும், இவர் எங்கள் குடிமகன்தான் என்று சொந்த நாடு உறுதி செய்தால்தான் விடுவார்கள். கிராமத்தில் இருக்கும் குடும்பத்திடமிருந்து ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, படகு உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றைச் சேகரித்துச் சரியான மேஜைக்குக் கொண்டுபோவது ஒரு சிறு குழு செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு பட்டியல் தேதிக்கும் ஒரு மாதம் முன்பே இந்தக் கோப்புகள் தயாராக இருக்க வேண்டும்.

விடுதலையாகும் மீனவர்கள் வந்த கடல் வழியே திரும்புவதில்லை. கராச்சி மாலிர் சிறையிலிருந்து லாகூர், அங்கிருந்து வாகா, அட்டாரி, அப்புறம் ரயிலில் குஜராத் என்று தரை வழியாக ஒரு நீளமான சுற்று. படகு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆள் வந்த சந்தோஷத்தோடு படகு போன கடனும் வீட்டுக்கு வரும். விடுதலை நாள் அன்று மாலை போட்டுப் படம் எடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை.

அந்தப் பக்கத்தில் கூட்டாளி

கூட்டாளி கிடைக்கும் வரை பெயர்ப் பலகை வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இருக்கிற நட்பு அமைப்பு வெறும் அறிக்கை விடும் அமைப்பாகிவிடும்.

இதில் நாம் பின்பற்ற வேண்டியது 1994-ல் தொடங்கிய பாகிஸ்தான்–இந்திய மக்கள் மன்றத்தின் வழி. இரு நாட்டிலும் தனித்தனிக் கிளை, மாநாடு ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே. அதில் உழைத்த இருவர் 2004-ல் ராமோன் மகசேசே விருதைச் சேர்ந்து பெற்றார்கள். ஒருவர் அட்மிரல் ராம்தாஸ். 1971 போரில் கப்பலை நடத்தி வீர் சக்ரா வாங்கியவர், பிறகு இந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்தவர். மற்றவர் ஐ.ஏ.ரஹ்மான், பாகிஸ்தானின் மூத்த பத்திரிகையாளர், மனித உரிமைக்காக உழைத்தவர். யாராவது உங்களை 'நாட்டுப்பற்று இல்லாதவர்' என்று சொன்னால் கோபப்படாமல் ராம்தாஸைப் பற்றிச் சொல்லுங்கள். போரை நேரில் பார்த்தவர் ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்ற கேள்வி, அதைக் கேட்பவரைக் கொஞ்ச நேரமாவது யோசிக்க வைக்கும்.

நடைமுறைக்கு வருவோம். சமூக ஊடகத்தில் அகப்பட்டவரைக் கூட்டாளி ஆக்காதீர்கள். பள்ளி, பல்கலைக்கழகம், பதிவு செய்த அமைப்பு என்று பின்னால் ஒரு நிறுவனம் இருப்பவரிடம் போங்கள். ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கும் குழு ஒன்றின் அறிமுகத்தோடு போவது இன்னும் நல்லது. முதல் மூன்று மாதம் வேலையே வேண்டாம். மாதம் ஒருமுறை பேசுங்கள். எது அவர்களுக்கு ஆபத்து என்று கேளுங்கள். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு புகைப்படம் அங்கே ஓர் ஆசிரியையின் வேலைக்கே உலை வைக்கலாம். எதை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொல்கிறார்களோ, காரணம் கேட்காமல் அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

பதிவும் பணமும்

சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். டிரஸ்ட், லாப நோக்கில்லாத 'பிரிவு 8' கம்பெனி என்ற வழிகளும் உண்டு. ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெளிவாகிவிடும், அதை நீட்ட விரும்பவில்லை.

பணத்தில் மட்டும் ஒரு விதியைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்: எல்லை தாண்டி ஒரு ரூபாயும் போகவும் கூடாது, வரவும் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்த வெளிநாட்டு நன்கொடையையும் ஓர் அமைப்பு வாங்கக் கூடாது. சிறு குழுவுக்கு அந்தப் பதிவு சீக்கிரம் கிடைக்காது, தேவையும் இல்லை. அவரவர் பக்கச் செலவை அவரவர் பார்த்துக்கொள்வது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் 'நான் அனுப்புகிறேன்' என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று உள்ளூரில் வசூலிப்பதையும் ரசீதோடு வாங்குங்கள்.

வரைபடம் வேண்டாம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தைகளை நட்பு பற்றி வரையச் சொன்னால் பாதிப் பேர் இரண்டு நாட்டு வரைபடத்தை வரைந்து நடுவே கை குலுக்க வைப்பார்கள். இந்தியாவின் எல்லையை அரசின் வரைபடத்துக்கு மாறாகக் காட்டி வெளியிடுவது இங்கே குற்றம். அவர்கள் அரசின் வரைபடம் வேறு, அங்கேயும் இதே கண்டிப்பு. எப்படி வரைந்தாலும் ஒரு பக்கத்தில் தப்பாகிவிடும். அதனால் சுவரொட்டி, நாட்காட்டி, சான்றிதழ் எதிலும் வரைபடம் கிடையாது என்று முடிவெடுங்கள். மாம்பழம், பட்டம், கிரிக்கெட் மட்டை, பாட்டியின் ஊறுகாய் ஜாடி என்று வரைவதற்கு எவ்வளவோ இருக்கிறது.

அதேபோல ராணுவம், துறைமுகம், விமான நிலையம், பாலம் எதுவும் படமாகவோ பேச்சாகவோ போகக் கூடாது. புதிதாக அறிமுகமான ஒருவர் இவற்றின் பக்கம் பேச்சைத் திருப்பினால் உடனே நிறுத்துங்கள், குழுவுக்குச் சொல்லுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். தனி எண்ணில் தனியாகப் பேசும் தொடர்பு யாருக்கும் வேண்டாம். எல்லாம் குழுவின் மின்னஞ்சல் வழியாகவே நடக்கட்டும். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி எல்லாக் கடிதத்துக்கும் பிரதி இருக்கட்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு, நாங்கள் இன்னார், இதைச் செய்கிறோம் என்று ஒரு கடிதம் முன்பே கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். எங்களுக்கு அது இரண்டு முறை உதவியிருக்கிறது.

திரையில் சந்திப்பு

நேரில் சந்திப்பது இப்போதைக்கு நடக்காது. பழைய நாட்களில்கூட ஊர் ஊராகப் பெயர் குறித்த விசாவும், காவல் நிலையத்தில் பதிவு செய்வதும் இருந்தன. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில், பாகிஸ்தானியருக்கான விசா சேவையை இந்தியா நிறுத்தியது, அட்டாரி சோதனைச் சாவடியும் மூடப்பட்டது. அதனால் திரைதான் வழி.

அங்கே நேரம் நமக்கு அரை மணி பின்னால். நமக்கு மாலை 5 என்றால் அவர்களுக்கு 4.30. எங்கள் முதல் சந்திப்புக்கு 'ஐந்து மணி' என்று மட்டும் எழுதியிருந்தோம். இங்கே பன்னிரண்டு குழந்தைகள் அரை மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்தபோது ஐந்து பேர்தான் மிச்சம். இப்போதெல்லாம் இரண்டு நேரத்தையும் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள், அது தொழுகை நேரம். ரமலான் மாதத்தில் மாலையும் வேண்டாம். நாற்பது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள், வெட்கம். நீங்களும் இட்டு நிரப்பாதீர்கள். யாராவது ஒரு குழந்தை தன் பூனையைத் தூக்கிக் காட்டும் வரை காத்திருங்கள்.

வாசல் மூடும் நாளில்

டெல்லி–லாகூர் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்கில் சண்டை நடந்தபோதும் அது ஓடியது. 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு நின்றது. 2003 ஜூலையில் மறுபடி ஓடியபோது அதில் லாகூரிலிருந்து ஒரு இரண்டரை வயதுக் குழந்தை வந்தது. பெங்களூரில் அந்தக் குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. 2019 ஆகஸ்டில் பஸ் திரும்ப நின்றது. ஆனாலும் 2024-ல் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஒருவருக்குச் சென்னையில் மாற்று இதயம் பொருத்தினார்கள். டெல்லியிலிருந்து வந்த இதயம் அது.

ஆகவே மூடும் நாளுக்கான ஏற்பாட்டை நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள். எங்களுடையது அரைப் பக்கம்தான். சண்டை தொடங்கினால் பொது அறிவிப்பு, பதிவு, படம் எல்லாம் அன்றே நிற்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு செய்தி போகும்: 'எல்லோரும் நலமா?' யார் சரி, யார் தப்பு என்று அந்த வாரத்தில் ஒரு வரியும் எழுதுவதில்லை. பெற்றோர் யாராவது தங்கள் குழந்தையை விலக்கிக்கொள்ள விரும்பினால் அதே நாளில் பெயரை எடுத்துவிடுகிறோம், வற்புறுத்துவதில்லை. கடிதங்களை யாரும் கிழிக்கவோ அழிக்கவோ கூடாது.

2025 மே மாதத் தொடக்கத்தில், பாகிஸ்தானிலிருந்து வரும் தபால்களை இந்தியா நிறுத்தியது. நாங்கள் முன்பே ஸ்கேனுக்கு மாறியிருந்ததால் அது எங்களைப் பாதிக்கவில்லை. ஆனால் அந்த மாதம் எதையும் அனுப்பவில்லை. மார்ச்சில் எழுதிய 31 கடிதங்கள் கோப்பிலேயே இருந்தன. மே 10-ல் சண்டை நின்ற இரவு, அங்கிருந்து அந்தப் பள்ளி ஆசிரியையின் மின்னஞ்சல் வந்தது. 'குழந்தைகள் நலம். உங்கள் பிள்ளைகள்?' அவ்வளவுதான்.

ஆகஸ்டில் இரு பக்கப் பள்ளியும் சரி என்றன. நான்கு பெற்றோர் விலகிவிட்டார்கள், மீதம் 27. பழைய தேதியோடு அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. குழந்தைகளிடம் அவரவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, கீழே இன்றைய தேதி போட்டு ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். பெரும்பாலானவர்கள் ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: 'நான் இப்போது ஏழாம் வகுப்பு. நீ?'